நர்கீஸ் எழுதிய பக்கம்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். நான், தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கும் அப்துல் லத்தீப் ராவுத்தர். என் மனைவி சபூரா பீவி. என் மகன் அப்துல் சுக்கூர். காலஞ்சென்ற என் தம்பி அப்துல் வாஹிதின் மனைவி ஜெய்தூன் பீவி. அவர்களுடைய ஒரே மகள் நர்கீஸ். என் தங்கை மைமூன் பீவி. எங்கள் ஆபீஸ் கிளார்க் ஸ்தனிஸ்லாஸ். குடும்பத்துக்குப் பழக்கமான வாத்தியார் ஆரோக்கியதாஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம், மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்த நேரம்.

பெண்களின் பெயரையும் எழுதியிருக்கிறேன். இதே வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதற்குப் பதினோரு வருஷம் முன்னால் ஒரு முறை என்னைக் கேட்டார்கள். அப்போது நான் ஆண்களின் பெயரை மட்டும்தான் சொன்னேன். நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் தேர்தலுக்காக வீடு வீடாக வாக்காளர் பட்டியல் எழுதினார்கள். திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் தெருவுக்கு வந்தவர் இதே ஆரோக்கியதாஸ் வாத்தியார். அப்போது அவர் இளைஞர். பெரிய நோட்டும் காதில் ஒரு பென்சிலுமாக வாசலில் நின்றார். ஆண்கள் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"பொம்பளையாளுக பேரு, ராவுத்தரய்யா?"

"அப்துல் லத்தீப் மனைவி. அப்துல் வாஹித் மனைவி. அப்துல் லத்தீப் தங்கை. எழுதிக்கங்க."

"அப்படி எழுதக் கூடாதுன்னு உத்தரவுங்கய்யா. பேரு வேணும். இல்லேன்னா மேலதிகாரிங்க பட்டியல்லருந்து அடிச்சுப்புடுவாங்க."

"அடிக்கட்டும். எங்க வீட்டுப் பொம்பளைக பேரை எழுதி ஆபீஸ் சுவத்துல ஒட்டி, போறவன் வாறவனெல்லாம் வாசிக்கணுமாக்கும்?"

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. "எங்கம்மா பேரு ஜெய்தூன் பீவி! குப்பி பேரு மைமூன் பீவி!" தம்பி மகள் நர்கீஸ். ஏழு வயது. குப்பி என்றது என் தங்கையை. நான் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

வாத்தியாரின் பென்சில் தாளுக்கு மேலே நின்றது.

"நீங்க ஒண்ணும் கேக்கல, வாத்தியாரே" என்றேன்.

"கேக்கலைங்கய்யா" என்றார். மரியாதை தெரிந்த மனிதர். எழுதவில்லை.

ஐந்து வருஷம் கழித்துப் பட்டியலைத் திருத்த வந்தபோதும் வேறொருவருக்கு அதே பதிலைத்தான் சொன்னேன். அது தப்பென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் என்னைப் பின்பற்றி அதே பதிலைச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டுப் பெருமைகூடப் பட்டேன்.

ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலன்று நான் ஊரில் இல்லை. தோல் விற்பனைக்காகச் சென்னை பெரியமேட்டுக்குப் போயிருந்தேன். தெருப் பெண்களை ஓட்டுப் போட அழைத்துப்போக ஜட்கா வந்திருக்கிறது. என் தங்கை மைமூனும் புறப்பட்டுவிட்டாள். கல்யாணமாகி ஆறே மாதத்தில் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். அதன் பிறகு வெளியே போனது இரண்டு மூன்று மௌத்து வீடுகளுக்கு, துக்கம் கேட்க மட்டும்தான். துணைக்கு நர்கீஸைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே நடந்ததை ஜட்காக்காரன் முத்துச்சாமி பிறகு என்னிடம் சொன்னான். சொல்ல மாட்டேன் என்று தயங்கியவனை அதட்டித்தான் வாங்கினேன்.

ஓட்டுச் சாவடியில் பெயர் கேட்டிருக்கிறார்கள். அந்நிய ஆண்கள் நாலு பேர் முன்னால் அவள் வாயால் தன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மைமூன் பீவி. பட்டியலில் தேடினார்கள். "இந்தப் பேர்ல ஆளே இல்லையேம்மா. இந்த வீட்டு நம்பர்ல ஆம்பளைக மட்டும்தான் இருக்காக" என்றாராம் ஆபீசர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரன் ஒருவன், "அந்த வீட்ல பொம்பளையே கிடையாது சார். ராவுத்தருதான் ஆக்கித் திங்கறாரு" என்றானாம். வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. பெண்கள் வரிசையும் சிரித்தது என்றான் முத்துச்சாமி.

நான் மைமூனை ஏசினேன். என்னைக் கேட்காமல் ஏன் போனாய் என்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மௌத்து வீடுகளுக்கும் அவள் போகவில்லை.

அதே வருஷக் கடைசியில் என் தம்பி வாஹித் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். நர்கீஸுக்கு நான்தான் கார்டியன் ஆனேன். பிள்ளையின் படிப்பை நான் தடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை திண்டுக்கல்லிலேயே கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தாள். பியூசிக்கு மதுரையில் அவளுடைய மாமா வீட்டில் இருந்து படித்தாள். மகன் சுக்கூர் ஏழாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவன். நர்கீஸ் ஒன்றிலும் உட்காரவில்லை. ஜமாத்தில் யாராவது, "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு அம்புட்டுப் படிப்பு?" என்றால், "எங்க வீட்டுப் புள்ள படிக்கும். ஒங்க வீட்டுப் புள்ளைக்கு வந்தா அதையும் படிக்க வைங்க" என்று சொல்லி வாயை அடைத்தவன் நான்.

அந்த வருஷம் சென்னையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் புதிதாக ஒரு பி.ஏ. ஆரம்பித்திருந்தார்கள். அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படிப்பது. மொத்தம் இருபது இடம். மார்க்கை மட்டும் பார்த்து எடுப்பதில்லை. இந்த மூன்றையும் நீ ஏன் படிக்க விரும்புகிறாய் என்று தமிழிலோ இங்கிலீஷிலோ ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். கார்டியன் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு நேரில் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்தவர் ஆரோக்கியதாஸ் வாத்தியார்.

எங்கள் அத்தா காலத்திலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெயரில் வெளியே போகிற எந்தக் காகிதமானாலும் உறையில் போடுவதற்கு முன் கூடத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கப்பட வேண்டும். வியாபாரக் கடிதமானாலும் சரி, சம்பந்தக் கடிதமானாலும் சரி. அத்தா ஒரு முறை கோபத்தில் எழுதிய ஒரு வார்த்தையால் வத்தலக்குண்டு உறவு முப்பது வருஷம் அறுந்து கிடந்தது. அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம். வாசிக்கும்போது யாருக்காவது ஒரு சொல் உறுத்தினால் சொல்லலாம். சொல்வதைக் கேட்டு மாற்றுவோம். அந்த வழக்கப்படிதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கூடினோம்.

ஆண்கள் நாங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் மூவரும் உள்ளறை வாசலில், திரைக்கு அந்தப் பக்கம். நர்கீஸ் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இந்தப் பக்கம் நின்றாள். பதினெட்டு வயது. அவள் அத்தாவின் உயரம்.

"பிஸ்மில்லாச் சொல்லி வாசி" என்றேன்.

வாசித்தாள். அந்தப் பக்கம் இன்றும் என் ஆபீஸ் பெட்டியில் இருக்கிறது. அதிலிருந்தே எழுதுகிறேன்.

"எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வாக்காளர் பட்டியல் எழுத வந்தார்கள். வீட்டில் பெரிய பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். பட்டியலில் ஒருவரும் இல்லை. பதின்மூன்று வயதில் என் குப்பியுடன் ஓட்டுச் சாவடிக்குப் போனேன். அங்கே எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் குப்பி என்னிடம், 'ஏம்புள்ள, அப்ப நான் எங்கதான் இருக்கேன்?' என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

"சென்ற வருஷம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் குப்பிக்கு நேரே 'வேலை செய்யாதவர்' என்று எழுதிக்கொண்டு போனார். அன்று காலை குப்பி தோல் ஷாப்பு ஆட்கள் முப்பத்திரண்டு பேருக்குச் சோறாக்கி அனுப்பியிருந்தார்கள். இருபது வருஷமாக அனுப்புகிறார்கள்.

"பட்டியலில் ஒருவரைச் சேர்ப்பதும் விடுவதும் யார் கையில் இருக்கிறது என்பதை அரசியல் சொல்லும் என்கிறார்கள். எது வேலை, எது வேலையல்ல என்பதைப் பொருளாதாரம் சொல்லும் என்கிறார்கள். எங்கும் பெயர் இல்லாத ஓர் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்பது தத்துவம் என்கிறார்கள். ஒன்றை மட்டும் படித்தால் குப்பிக்கு நான் முழுப் பதிலும் சொல்ல முடியாது. அதனால் மூன்றையும் படிக்க விரும்புகிறேன்."

அவ்வளவுதான். பக்கத்தின் பாதிகூட நிரம்பவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. மைமூன்தான். ஸ்தனிஸ்லாஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுக்கூர்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஏ நர்கீஸு, சோறாக்குறதுக்கும் காலேஜுக்கும் என்னா புள்ள சம்பந்தம்?"

"திங்கிறதுக்கும் ஒனக்கும் உள்ள சம்பந்தம்தான்" என்றாள் நர்கீஸ்.

திரைக்குப் பின்னால் என் மனைவி சிரித்துவிட்டாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"கையெழுத்து நல்லாருக்கு" என்றேன். "ஆனா இது போகாது."

"ஏன் பெரியத்தா?"

"இந்த வீட்டுக்குள்ள நடந்ததை மெட்ராஸ்காரிக மேசையில கொண்டுபோய் வைக்கவா ஒன்னையப் படிக்க வச்சேன்? கீழ நான் கையெழுத்துப் போடணும். ஆமா, என் வீட்ல இப்படித்தான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா?"

"நடந்ததுதான பெரியத்தா."

"நடந்ததெல்லாம் எழுதணும்னு இல்ல. வேற எழுது. தேச சேவைன்னு எழுது. பொம்பளைக முன்னேத்தம்னு எழுது. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவள் காகிதத்தை நாலாக மடித்தாள். "அதெல்லாம் எனக்கு இல்ல பெரியத்தா. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

வாத்தியார் மெதுவாகக் கனைத்தார். "ராவுத்தரய்யா, அவக கேக்கறதே இதைத்தான். மனசுல உள்ள காரணத்தை. மத்த பிள்ளைக அம்புட்டும் தேச சேவைன்னுதான் எழுதும். இந்தப் பக்கத்தைப் பாத்தா அவகளே ரயிலேறி வந்து கூட்டிட்டுப் போவாக."

"வாத்தியாரே, பட்டியல் எழுத வந்தது நீங்க. அதுலயும் ஒங்களுக்குப் பங்கு உண்டு" என்றேன்.

"உண்டுங்கய்யா" என்றார். "அதனாலதான் கேக்கறேன்."

நான் எழுந்துவிட்டேன். நான் எழுந்தால் பேச்சு முடிந்தது என்று அந்த வீட்டில் அர்த்தம். போகும்போது வாத்தியாரிடம், "இங்க கேட்டது இங்கயே இருக்கட்டும். வெளியில ஒரு சொல் போகக் கூடாது" என்று வாக்கு வாங்கிக்கொண்டேன். கொடுத்தார்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசித் தேதி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. நர்கீஸ் அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. தன் கையெழுத்தைப் போட்ட விண்ணப்பத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒன்றாக என் ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தினமும் சாப்பாடு வைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பாள். கேட்க மாட்டாள். தம்பி மனைவி ஜெய்தூன் ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று, "மச்சான், அவுக அத்தா இருந்தா அனுப்பியிருப்பாக" என்றாள். தம்பி இறந்த பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

எனக்கும் பிள்ளை போக வேண்டும் என்றுதான் ஆசை. திண்டுக்கல் முஸ்லிம் வீடுகளில் எங்கள் வீட்டுப் பெண்தான் முதலில் சென்னைக் கல்லூரியில் படித்தாள் என்று பெயர் வர வேண்டாமா? ஆனால் அந்தப் பெயரோடு ஓட்டுச் சாவடிச் சிரிப்பும் சேர்ந்து போக வேண்டுமா? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு ஸ்தனிஸ்லாஸை டைப் மெஷின் முன்னால் உட்காரச் சொன்னேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் அடித்தார். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நேர்மைக்குப் பெயர் பெற்றது. என் பெரியத்தாவின் வழிகாட்டலில் வளர்ந்தேன். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏழை எளியவர்களுக்கும் தாய்நாட்டுக்கும் சேவை செய்வதற்காக இந்த மூன்றையும் கற்க விரும்புகிறேன். ஒரு பக்கம் முழுக்க வந்தது. அழகாக இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் தாளை உருவிக்கொண்டே, "கூடத்துல வாசிக்கணுங்களா முதலாளி?" என்று கேட்டார்.

"வேணாம்" என்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து வாசிக்கப்படாமல் போன காகிதம் அது ஒன்றுதான்.

நர்கீஸ் எழுதிய பக்கத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். டைப் அடித்ததை விண்ணப்பத்தோடு இணைத்துக் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, "கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை என்று அப்போது நினைத்தேன்.

நர்கீஸ் கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். "குப்பி! பெரியத்தா போட்டுட்டாக! குப்பி!" உள்ளே மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் பேசினார்கள். செத்த நேரம் கழித்து மைமூன் கதவருகே வந்து நின்றாள். "அண்ணே" என்றாள். மறுநாள் நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கினாள். பெருநாளில்லாத நாளில் எதற்கு என்று சுக்கூர் கேட்டான். "தின்னுட்டுப் போடா" என்றாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த நெய்ச்சோற்றை நான் சாப்பிட்டேன்.

ஜூன் மாதம் நேர்முகத்துக்குக் கார்டு வந்தது. நானே அழைத்துப் போனேன். காலையில் எழும்பூரில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் குளித்துவிட்டு, பத்து மணிக்குக் கல்லூரிக்குப் போனோம். வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். ஜெயமேரி. மருந்துக்கடைக்காரர் மகள், நர்கீஸின் பள்ளித் தோழி. இரண்டு பேரும் ஏதோ கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நர்கீஸ் உள்ளே போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "துஆச் செய்ங்க பெரியத்தா" என்றாள். செய்தேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பியூன் வந்து, "திண்டுக்கல் நர்கீஸோட கார்டியன் யாருங்க?" என்றான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று அம்மாமார்கள். நடுவில் பிரின்சிபால். மேசைமேல் அந்த டைப் அடித்த தாள். நர்கீஸ் நின்றுகொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

"உங்க பெரியத்தா எப்படி வழிகாட்டினாருன்னு கேட்டோம்" என்றார் பிரின்சிபால். "தாளைக் காட்டுங்கன்னு கேட்டா. வாங்கி வாசிச்சா. இது என்னோடது இல்லைங்கறா. அப்ப யார் எழுதினதுன்னா வாயைத் திறக்க மாட்டேங்கறா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நான் நர்கீஸைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் மெஷினில் ஒரு எழுத்துக்கு வால் உடைந்திருக்கும். சின்ன வயதில் அந்த மெஷினைத் தட்டி விளையாடியவள்தான் அவள்.

நான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. பிள்ளையின் பக்கம் பெட்டியில் இருக்கிறது, தந்தி கொடுத்தால் மறுநாள் வந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் கடுமையானவர் இல்லை. கேட்டிருப்பார். இவ்வளவும் எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. பிறகு யோசித்துக் கண்டுபிடித்ததல்ல.

"சின்னப் பிள்ளைங்க" என்றேன். "பயத்துல என்னமோ சொல்லுது. எங்க வீட்ல இருந்து பொய்க் காகிதம் வராதுங்க."

"அப்படின்னா இப்ப இவ சொல்றதுதான் பொய்யா?"

நான் பதில் சொல்லவில்லை.

நர்கீஸ் முக்காட்டைச் சரிசெய்தாள். "மன்னிச்சிருங்க மேடம்" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. ஏழு வயதில் அம்மா பெயரையும் குப்பி பெயரையும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியவள், அன்று என் ஒருவனுடைய பெயரைச் சொல்லாமல் நின்றாள்.

பிரின்சிபால் தாளை உறைக்குள் வைத்தார். அடுத்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். அடுத்த பெண் ஜெயமேரி. கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் விழுப்புரம் தாண்டிய பிறகு நர்கீஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் பக்கம் எங்க பெரியத்தா?"

"ஆபீஸ் பெட்டியில இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மைமூன் ஆவலாக ஓடி வந்தாள். "என்ன புள்ள கேட்டாக? என்னையப் பத்திக் கேட்டாகளா?" நர்கீஸ், "கேட்டாக குப்பி. ரொம்ப நேரம் கேட்டாக. இடம்தான் இருபதுக்குமேல இல்லைன்னுட்டாக" என்றாள். கூடத்தில் நின்று அதையும் கேட்டேன். கடைசி வரைக்கும் மைமூன் அதை நம்பினாள்.

மறு வருஷம் வேறு கல்லூரிக்கு எழுதலாம் என்று ஆரோக்கியதாஸ் வாத்தியார் இரண்டு முறை வந்தார். மதுரையிலேயே பி.ஏ. சேர்த்துவிடுகிறேன் என்று நானும் சொன்னேன். "எழுதறதுக்கு ஒண்ணுமில்ல பெரியத்தா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அறுபத்துநாலில் மைமூன் நெஞ்சுவலியில் இறந்தாள். பள்ளிவாசல் பதிவேட்டில் எழுத மோதினார் வந்து, மௌத்தானவர் யார் என்று கேட்டார். "அப்துல் லத்தீப் தங்கை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு நின்றேன். உள்ளே கதவருகே நர்கீஸ் இருப்பது எனக்குத் தெரியும். செத்த நேரம் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. பிறகு நானே, "மைமூன் பீவி. அப்படி எழுதுங்க" என்றேன். இறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாளிலிருந்து தோல் ஷாப்பு ஆட்களுக்குச் சோறாக்குகிற அடுப்புக்கு முன்னால் நர்கீஸ் நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அறுபத்தேழு தேர்தலுக்கு முன்னால் பட்டியல் எழுத வந்தவரை நான் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சபூரா பீவி, ஜெய்தூன் பீவி, நர்கீஸ் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அச்சான பட்டியலில் மூன்று பெயரும் வந்தன. நானே போய்ப் பார்த்தேன். தேர்தலன்று காலை வண்டி பிடித்து வாசலில் நிறுத்தினேன். சபூராவும் ஜெய்தூனும் போனார்கள். நர்கீஸ் வரவில்லை.

"ஒலை வச்சாச்சு பெரியத்தா. முப்பது பேருக்கு ஆகணும்" என்றாள்.

அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரும் ஏதோ விசாரித்துவிட்டுத் திரும்ப வரவில்லை. என்ன விசாரித்தார்கள் என்று எனக்குச் சென்ற மாதம்தான் தெரிந்தது. ஆரோக்கியதாஸ் வாத்தியார் ஒரு சிறிய பெண்கள் பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலைக்குச் சொல்லியிருந்தார். பள்ளிக்காரர்கள் முடியாது என்றுவிட்டார்கள். வாத்தியார் வந்து என் எதிரில் உட்காராமல் நின்றார். தலை நரைத்துவிட்டது அவருக்கும்.

"காலேஜுக்கு அடுத்தவுகட்ட எழுதி வாங்கிக் குடுத்து மாட்டிக்கிட்ட புள்ளையாமேங்கறாக. ஏழு வருஷமா ஊர்ல இந்தப் பேச்சு இருக்காம். ராவுத்தரய்யா, அந்தப் பக்கத்தை அவ வாசிச்சு நான் என் காதால கேட்டேன். ஒங்களுக்குக் குடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கேன். அனுப்பின காகிதம் எதுன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்."

ஜெயமேரியை நான் குறை சொல்லவில்லை. அவள் பார்த்ததைத்தான் வீட்டில் சொன்னாள். அவளுக்கு அந்த வருஷம் இடம் கிடைத்தது. இப்போது டெல்லியில் வேலையில் இருக்கிறாளாம்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் நடந்ததைச் சொல்கிறேன் என்று நர்கீஸிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அந்த எடத்துக்கு ஆள் போட்டுட்டாக பெரியத்தா" என்றாள். "வாத்தியாருக்குக் காப்பி குடுத்தீகளா?"

எனக்கு எழுபத்தொரு வயது. என் குடும்பத்தைப் பற்றி ஊரில் ஒரு தவறான பேச்சு இருக்க நான் விட்டதில்லை. இந்தப் பேச்சை மட்டும் ஏழு வருஷம் விட்டிருக்கிறேன். இந்தக் காகிதத்தைக் கூடத்தில் வாசித்துவிட்டேன். கேட்க இருந்தவர்கள் நாலு பேர்: சபூரா பீவி, ஜெய்தூன் பீவி, அப்துல் சுக்கூர், ஸ்தனிஸ்லாஸ். நர்கீஸைக் கூப்பிட்டேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். ஒரு சொல்லையும் யாரும் மாற்றச் சொல்லவில்லை.

நர்கீஸ் யாரிடமோ எழுதி வாங்கிய பக்கத்தைத் தன்னுடையது என்று கல்லூரிக்கு அனுப்பி மாட்டிக்கொண்டாள் என்று சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அந்தப் பக்கத்தை எழுத வைத்தவனும் அனுப்பியவனும் நான். அவள் அதைக் கல்லூரி மேசைமேல்தான் முதன்முதலில் பார்த்தாள்.